பட்டியலில் இல்லாத மூன்று புத்தகங்கள்

அத்தியாயம் 9

"இந்த நூலகத்துலேர்ந்து ஒரு வாசகரோட பேர்கூட வெளிய போனதில்ல. இருபத்தோரு வருஷமா!" என்றார் தலைமை நூலகர்.

"இப்ப மட்டும் பேர் துணைக்குப் பதினோரு புத்தகத்தைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு மேடம்," என்றேன் நான்.

மேசைக்கு அடியில் பாஸ் என் காலை மிதித்தார். அவர் மிதித்தால் கணக்காக சுண்டுவிரலில்தான் மிதிப்பார்.

பாஸ் ஒரு பெண்மணி. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். நொண்டுகிறவன் படியில் இறங்குகிற சத்தத்தை வைத்தே எந்தக் காலில் பொய் என்று சொல்லிவிடுவார். அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்து ஏழு வருடம். ஏழு வருடமாக நான் அவருடைய உதவியாளன். அவர் எனக்கு வைத்த பெயர் வாயாடி.

மேசை மேல் ஒரு தாள் கிடந்தது. அதைச் சுற்றி நாங்கள் நால்வர். நான், பாஸ், நூலகர், அப்புறம் மூலை நாற்காலியில் பையை மடியில் அணைத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சி மாணவி. முப்பது வயது இருக்கும். புள்ளியியல் துறை.

தாளில் பதினோரு புத்தகப் பெயர்கள். 'பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு', 'தூக்கமின்மை: காரணங்களும் தீர்வும்', 'அச்சமும் பதற்றமும்' என்று போய்க்கொண்டே இருந்தது. ஏழாவதாக 'தூக்க மாத்திரைகளின் நச்சு விளைவுகள்'. மேலே தடித்த எழுத்தில் 'மனுதாரரின் மனைவி பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பெற்ற நூல்கள்'.

மனுதாரர் அவளுடைய கணவன். பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. ஐந்து வயதுப் பெண் குழந்தை இப்போதைக்கு அவனிடம். குழந்தை இனி யாரிடம் என்று நாளைக் காலை பத்தரைக்குக் குடும்ப நீதிமன்றம் சொல்லப் போகிறது. இப்படிப்பட்ட புத்தகங்களைப் படிப்பவளிடம் குழந்தையை விடலாமா என்பதுதான் அவன் மனுவின் சுருக்கம்.

"என்ன படிச்சேன்னு என் அம்மாகிட்டகூட சொன்னதில்ல. எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே புரியல. புரிஞ்சுக்கத்தான் படிச்சேன்," என்றாள் அவள்.

"இப்ப பரவாயில்லையாம்மா?" என்றார் பாஸ்.

"பரவாயில்ல மேடம். டாக்டர்கிட்டயும் போனேன். இந்தத் தாளைப் பாக்கிற வரைக்கும் பரவாயில்லாமதான் இருந்தேன்."

நூலகர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஐம்பத்தேழு வயது, கஞ்சி போட்ட புடவை, கஞ்சி போட்ட குரல். "புத்தகம் திரும்பி வந்த நிமிஷமே யார் எடுத்தாங்கங்கிற தகவல் கணினியிலேர்ந்து அழிஞ்சு போகும். நாந்தான் அப்படி அமைக்கச் சொன்னேன். வாசல்ல பார்வையாளர் கையெழுத்துப் போடற தாளை தினமும் சாயங்காலம் கிழிச்சிடறோம். கேமரா வைக்கணும்னு மூணு தடவை நிர்வாகத்துலேர்ந்து வந்தாங்க. மூணு தடவையும் சண்டை போட்டு அனுப்பினேன். ஒருத்தர் என்ன படிக்கறாங்கங்கிறது அவங்க மனசுக்குள்ள இருக்கிற விஷயம். அதை யாரோ திருடி வித்திருக்காங்க. எனக்கு அந்தக் கணினிக்காரர் மேலதான் சந்தேகம்."

திருடப்பட்ட பட்டியல் என்று நிரூபித்தால் நீதிபதி அதை ஒதுக்கி வைக்க வாய்ப்பு உண்டு என்று மாணவியின் வக்கீல் சொல்லியிருக்கிறார். பிடித்துக்கொள்ள எங்களுக்கு இருந்த ஒரே நூலிழை அதுதான். மணி அப்போது மூன்றே கால், நூலகம் மூடுவது ஆறுக்கு.

"வாயாடி, சட்டைப் பையில என்ன துருத்திக்கிட்டு நிக்குது?" என்றார் பாஸ் வெளியே வந்ததும்.

"காத்திருந்த நேரத்துல புத்தகப் பட்டியல் மேசையில உக்காந்து, அங்க கிடந்த சீட்டுல ஒரு புத்தகத்தோட அடுக்கு எண்ணைக் குறிச்சுக்கிட்டேன் பாஸ். 'நாவடக்கம் நல்கும் நன்மைகள்'."

"எடுத்துப் படிக்கப் போறியா?"

"உங்களுக்குப் பிறந்தநாள் பரிசா, அதை நான் படிக்கப் போறதா எழுதிக் கொடுக்கலாம்னு."

மாணவியும் எங்களோடு வந்தாள். கணினி அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உயரமான ஆள் உள்ளே போனால் தலை தட்டும். கணினிக்காரர் உயரமான ஆள். நெற்றியில் பழைய தழும்பு, முகத்தில் புதிய கோபம்.

"அம்மா என்னைத்தான் சொல்லியிருப்பாங்க. பாருங்க, நீங்களே பாருங்க!" என்று மாணவியின் உறுப்பினர் எண்ணைத் தட்டினார். திரையில் ஒரே வரி: கையில் உள்ள நூல்கள், இல்லை. "இவ்வளவுதான் எனக்கும் தெரியும். திரும்பி வந்த புத்தகத்துக்கு முந்தின ஆள் யாருன்னு கடவுளே கேட்டாலும் இது சொல்லாது."

"புத்தகம் அவங்க கையில இருக்கிறப்போ எழுதி வெச்சிருக்கலாமே?" என்றேன்.

"எழுதியிருந்தா சரியா எழுதியிருப்பேன்ல," என்றார் அவர் எரிச்சலாக.

பாஸ் சட்டென்று திரும்பினார். "ஏம்மா, இந்தப் பட்டியல் சரியா இருக்கா? ஒண்ணொண்ணா பாத்தியா?"

மாணவிக்கு முகம் சிவந்தது. அந்தத் தாளை அவள் ஒரு தடவைக்கு மேல் படித்ததே இல்லை. யார்தான் படிப்பார்கள்? இப்போது விரலை வைத்து மெல்லக் கீழே இறங்கினாள். ஏழில் விரல் நின்றது.

"இதை நான் எடுக்கல. கேட்டேன், ஆனா வாங்கிக்கல. அதுக்குள்ள டாக்டர்கிட்ட போயிட்டேன். அவர் இதெல்லாம் படிக்க வேணாம்னு சொன்னார். அதனால புத்தகம் வந்தும் போய் வாங்கல."

"மத்த பத்து?"

"எடுத்தேன். ஆனா இன்னும் மூணு எடுத்தேனே? அது இதுல இல்ல."

"என்ன மூணு?"

"கதைப் புத்தகம். பாப்பாவுக்கு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆசிரியர் பயிற்சித் துறைக்காகப் பக்கத்து கூடத்துல குழந்தைங்க புத்தகம் வெச்சிருக்காங்க. தினம் சாயங்காலம் ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் அவகூட போன்ல பேசலாம். அப்ப படிச்சுக் காட்டுவேன். ஒரு ஆமை மூக்குக்கண்ணாடி வாங்கப் போற கதை. கெடு வந்துடுச்சேன்னு திருப்பிக் குடுத்துட்டேன், கதை பாதியில நிக்குது."

"பாஸ், கதைப் புத்தகத்தை அந்த மனுஷன் வேணும்னே விட்டிருப்பான். அவனுக்குப் பைத்தியக்காரி வேணும், அம்மா வேண்டாம்," என்றேன்.

"விட்டிருப்பான். கையில இருக்கிறதை விட்டுடலாம். எடுக்காத புத்தகத்தை எப்படிடா சேர்ப்பான்? அதுவும் அவ நிஜமாவே கேட்ட புத்தகத்தை?" பாஸ் கணினிக்காரரைப் பார்த்து, "நீங்க போய் டீ குடிங்க தம்பி, உங்க மேல தப்பில்ல," என்றார். "எடுத்ததைப் பாத்து எழுதின பட்டியல் இல்ல இது. கேட்டதைப் பாத்து எழுதினது. தாள்லயே எழுதியிருக்கான் பாரு, கேட்டுப் பெற்ற நூல்கள்னு. ஏம்மா, இந்தப் பதினொண்ணையும் எங்க கேட்டே?"

"கவுண்டர்ல. மருத்துவ வளாகத்துலேர்ந்து வரவழைப்பாங்க."

"கதைப் புத்தகத்தை?"

"நானே அடுக்குலேர்ந்து எடுத்து மெஷின்ல பதிஞ்சுக்கிட்டேன்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்பார்கள். எங்களுக்குத் தண்ணீரே வரப்போகிறது என்று நினைத்தேன்.

கவுண்டரில் இருந்தவர் முப்பது வருட அனுபவம் உள்ள பெரியவர். ரப்பர் பேண்டு ஒன்றை மணிக்கட்டில் வளையல் மாதிரி போட்டிருந்தார். மாணவியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இந்தப் பொண்ணு ஒரு நாள் தாமதம் பண்ணினது கிடையாதுங்க. மழை பேஞ்சாகூட பையில சுத்தி எடுத்துக்கிட்டு வந்து குடுத்துடும்."

முன்பதிவு எப்படி நடக்கிறது என்று பாஸ் கேட்டார். பெரியவர் பெருமையாகக் காட்டினார். வரவழைத்த புத்தகத்தைச் சுற்றி ஒரு சீட்டு. அதில் வாசகர் பெயர், எண், துறை, புத்தகத்தின் பெயர். மேலே ரப்பர் பேண்டு. பின்னால் ஓர் அலமாரி. அதில் எல்லாப் புத்தகங்களும் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி நின்றன. பள்ளியில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி.

"வரிசையில நிக்கறவங்க யாரும் தலைப்பைப் படிச்சிடக் கூடாதுங்க. அம்மா உத்தரவு. மெஷின் வெச்சதும் அதுக்குத்தான். யார் எதை எடுக்கறாங்கன்னு நாங்ககூடப் பாக்க வேணாம்னு."

"புத்தகத்தைக் குடுத்ததும் சீட்டை என்ன பண்ணுவீங்க?"

"உருவிடுவோம். ஏழு நாள் யாரும் வரலைன்னாலும் உருவிட்டுப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிடுவோம்."

"உருவின சீட்டு?"

பெரியவரின் கண் எங்களைத் தாண்டி, கூடத்தின் நடுவே இருந்த பட்டியல் மேசைக்குப் போனது. அங்கிருந்து திரும்பி வந்து, என் சட்டைப் பையில் நின்றது.

நான் அந்தக் காகிதத்தை எடுத்தேன். என் கையெழுத்தில் நாவடக்கத்தின் அடுக்கு எண். திருப்பினேன். யாரோ ஒருவரின் பெயர். இசைத் துறைப் பேராசிரியர். கேட்ட புத்தகம், 'நடுவயதில் காது கேளாமை'.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஒரு மணி நேரமாக ஒரு மனிதரின் ரகசியம் என் நெஞ்சுக்கு மேல் குத்திக்கொண்டு இருந்திருக்கிறது. நான் அதன் முதுகில் ஜோக் எழுதியிருக்கிறேன். அவர் தன் மாணவர்களிடம் சொல்லியிருப்பாரா? மனைவியிடமாவது? காகிதத்தை நான்காக மடித்தேன். யாரிடமும் காட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"பின்பக்கம் வெள்ளையா இருக்குமேன்னு..." பெரியவர் மணிக்கட்டு ரப்பர் பேண்டைத் திருகினார். "காகிதம் வீணாகக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க. எல்லாரும் வெள்ளைப் பக்கத்துலதான் எழுதுவாங்க. யாரும் திருப்பிப் பாத்ததில்லைங்க. நானே பாத்ததில்ல."

பாஸ் மேசைக்கு நடந்தார். அட்டைப் பெட்டி ஒன்று. கை நிறைய அள்ளினால் ஐம்பது சீட்டு வரும். பெட்டியின் முகத்தில் உருண்டையான, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'குறிப்பெழுத எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை வீணாக்காதீர்கள்.' கீழே தலைமை நூலகரின் கையொப்பம்.

"சனிக்கிழமை சனிக்கிழமை ஒருத்தர் வருவாருங்க. அந்த நாற்காலியிலதான் உக்காருவார். மரியாதையான மனுஷர். எழுந்து போறப்போ நாற்காலியை உள்ள தள்ளிட்டுப் போவார். குறுக்கெழுத்துப் போட்டி போடறேன்னு கொஞ்சம் சீட்டு எடுத்துக்குவார். எடுத்துக்கலாமான்னு என்னைக் கேட்டுட்டுத்தான் எடுப்பார்," என்றார் பெரியவர் மெதுவாக.

மாணவி தன் போனில் கணவனின் படத்தைத் தேடிக் காட்டினாள். பெரியவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இவரேதான்."

"பாஸ்!" நான் ஏறக்குறையக் குதித்தேன். "ஆள் கிடைச்சாச்சு, சாட்சி கிடைச்சாச்சு! நாளைக்குப் பத்தரைக்குப் பெரியவர் கூண்டுல ஏறிச் சொன்னா..."

"என்ன சொல்லுவார்?" பாஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படித் தொப்பென்று உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "திருடினாருன்னு சொல்லுவாரா? எடுத்துக்கலாமான்னு கேட்டாரு, எடுத்துக்குங்கன்னு சொன்னேன்னுதான் சொல்லணும். அந்த மனுஷன் சீட்டு அத்தனையும் பத்திரமா வெச்சிருப்பான். பெட்டியைப் போட்டோவும் எடுத்து வெச்சிருப்பான். எடுத்துக்கொள்ளுங்கள்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, மேசை மேல வெச்சிருக்கீங்களே மேடம்!"

அப்போதுதான் கவனித்தேன். நூலகர் எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

ஊசி போகிற இடம் பார்ப்பார்கள், உலக்கை போகிற இடம் தெரியாது என்பார்கள். இதைச் சொல்லிக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாள் இருபத்தோரு வருடம் கதவு கதவாகப் பூட்டியவர். பூட்டிய சாவிகளைத் துடைத்து, பளபளப்பாக மேசை மேல் வைத்திருக்கிறார்.

"பார்வையாளர் தாள்..." என்றார் நூலகர். "அவர் வாராவாரம் வந்தது அதுல இருக்குமே. வேவு பாக்கத்தான் வந்தாருன்னாவது..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினார். தினமும் சாயங்காலம் கிழித்தது ஞாபகம் வந்திருக்கும்.

"கதைப் புத்தகம்!" என்றேன். நான் விடுகிற ஆளில்லை. "அந்த மூணையும் காட்டலாமே. இவங்க அம்மாவாவும் படிச்சிருக்காங்கன்னு கோர்ட்டுக்குத் தெரியட்டும். கணினியில..."

திரும்பி வந்த நிமிஷமே அழிந்திருக்கும். மெஷினில் பதிந்ததால் ஊழியர் யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள். அவளைக் கெடுக்கிற பதினொன்றும் பத்திரமாக இருந்தன. அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடிய மூன்றும் சுத்தமாக அழிந்திருந்தன. இரண்டையும் செய்தது ஒரே கை, ஒரே நல்ல எண்ணம்.

"பாப்பாகிட்ட கேக்கச் சொல்லலாமா?" என்றேன் கடைசியாக.

"அஞ்சு வயசு," என்றாள் மாணவி. "யார்கூட இருக்கணும்னு கோர்ட்டுல கேப்பாங்க. அம்மா பக்கம் பேசினியான்னு வீட்டுல கேப்பாங்க. வேண்டாம்."

நூலகர் அவள் கையைப் பிடித்தார். கஞ்சி போட்ட குரல் கசங்கியிருந்தது. "கணினியிலேர்ந்து திருடு போச்சுன்னு நான் எழுதித் தரேன்மா. என் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கு. நம்புவாங்க."

"நம்பிட்டு கணினியைக் கொண்டு வரச் சொல்வாங்க மேடம். அப்ப இன்னிக்குப் புத்தகம் வெச்சிருக்கிற எல்லா வாசகர் பேரும் கோர்ட்டுக்குப் போகும். படிக்கு அடியில தலை தட்டிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவருக்கு வேலை போகும்," என்றார் பாஸ். பிறகு மாணவியிடம், "நான் நாளைக்கு வரேன்மா. நடந்ததை நடந்தபடி சொல்றேன். ஆனா அது போதாது. உனக்குப் பொய் சொல்ல எனக்கு மனசில்ல," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. நான் எதிர்பார்த்தேன், அழவில்லை. குழந்தைகள் புத்தகம் இருந்த பக்கத்துக் கூடத்துக்குப் போனாள்.

நூலகர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொரு சீட்டாக எடுத்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, கிழிக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து கிழித்தேன். "படிக்காதே," என்றார் பாஸ். "படிக்கல பாஸ்," என்றேன். அன்றைக்குப் பாஸுக்கு நான் ஜோக் சேர்க்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான். ஆனால் எத்தனை சனிக்கிழமைகளில் எத்தனை கைகள் இதில் நுழைந்து போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க முடியவில்லை. கிழிப்பது எங்கள் மனசாந்திக்குத்தான்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது மாணவி திரும்பி வந்தாள். கையில் ஒரு மெல்லிய புத்தகம். அட்டையில் ஓர் ஆமை, மூக்கில் நழுவுகிற கண்ணாடி. கூடத்து வாசலில் இருந்த மெஷினைத் தாண்டி நேராகக் கவுண்டருக்குப் போனாள். புத்தகத்தை அட்டை மேலே தெரியும்படி பெரியவர் முன் வைத்தாள்.

"நீங்களே பதிஞ்சு குடுங்க. என்ன புத்தகம்னு நல்லா பாத்துக்குங்க."

பெரியவர் பார்த்தார். தலைப்பை வாய்விட்டு ஒரு முறை படித்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக இருக்கும். பிறகு பதிந்தார்.

அவள் நூலகரிடம் திரும்பினாள். "மேடம், இந்த ஒண்ணை மட்டும் அழிக்காதீங்க. நாளைக்கு உதவாது, தெரியும். எப்பவாவது, அவ பெரியவளாகிக் கேட்டா, அம்மா என்ன படிச்சான்னு... இது இருக்கட்டும். நான் திருப்பிக் குடுத்த அப்புறமும் என் பேர் இருக்கட்டும்."

நூலகரின் மடி நிறையக் கிழிந்த காகிதம்.

"வெச்சுக்கக் கணினிக்குத் தெரியாதும்மா," என்றார். "திரும்பி வந்தா தானா அழிச்சிடும். யார் கெஞ்சினாலும், நானே கெஞ்சினாலும் வெச்சுக்கக் கூடாதுன்னு நாந்தான் அமைக்கச் சொன்னேன்."

மாணவி கொஞ்சம் யோசித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு மணி போனுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"திருப்பிக் குடுக்கலைன்னா?"

பெரியவர் கவுண்டருக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னார். "குடுக்காத வரைக்கும் உன் பேர் இருக்கும்மா."

ஒரு நாள்கூடத் தாமதம் செய்யாத அந்தப் பெண், புத்தகத்தைப் பையின் அடியில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.